ஏரியையே குடிக்கிற ஓட்டை: பெயின்ஸ் பிரெய்ரியில் அப்பாவோட ஒரு ராத்திரி

(இது எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும் "அப்புறம்... அப்புறம்..."களையும் எடுத்திருக்கோம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம்.)



ஒரு ஜனவரி மாசம், காலையில பதினோரு மணி. என் அப்பா ஒரு முதலைகிட்ட இருந்து ஏழெட்டு அடி தூரத்துல நின்னுக்கிட்டு, "டேய், இது பொம்மைடா. டூரிஸ்டுக்காக வெச்சிருக்காங்க"ன்னு சொல்லிட்டு இருந்தார். கையில போன். போட்டோ சரியா வரணும்னு இன்னும் ஒரு அடி முன்னாடி வைக்கப் போறார்.

அது பொம்மை இல்லை. அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி நாங்க எங்க இருந்தோம்னு சொல்லணும்.

நான் ஜாக்சன்வில்லில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா ஆறு மாச விசாவில் வந்திருந்தாங்க. அம்மாவுக்கு டிஸ்னி, பீச் எல்லாம் பிடிச்சுது. அப்பாவுக்கு எதுவுமே ஒட்டலை. மூணாவது மாலுக்குக் கூட்டிட்டுப் போனப்ப, "எல்லா ஊர்லயும் இதேதானடா இருக்கு"ன்னு சொல்லிட்டு கார்லயே உட்கார்ந்துட்டார். சரி, வேற ஏதாவது பண்ணலாம்னுதான் ஒன்றரை மணி நேர டிரைவில் இருக்கிற பெயின்ஸ் பிரெய்ரி ஸ்டேட் பார்க்கில் ஒரு ராத்திரி டென்ட் புக் பண்ணேன். அம்மா "நான் வரலை, பாம்பு இருக்கும்"னு முடிச்சுட்டாங்க. நானும் அப்பாவும் மட்டும் போனோம்.

பேர் புல்வெளி, உள்ள சதுப்பு

ஃப்ளோரிடாவோட வட பகுதியில கெயின்ஸ்வில் நகரத்துக்குத் தெற்கே, மைக்கனோப்பின்னு ஒரு சின்ன ஊர் வரைக்கும், 20,000 ஏக்கருக்கு மேல விரிஞ்சு கிடக்கிற இடம் இது. பேர்ல "பிரெய்ரி" இருக்கிறதால புல்வெளின்னு நினைச்சுக்கிட்டுப் போவீங்க. மேலேர்ந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். உள்ள இறங்கினா காலுக்குக் கீழ தண்ணி. ஒரு வருஷம் புல், ஒரு வருஷம் சதுப்பு, சில வருஷம் கிட்டத்தட்ட ஏரி. இந்த இடம் ஒரே நிலையில இருக்கிறதே இல்லை.

இது மித வெப்பமண்டலம், இங்கிலீஷ்ல சப்டிராப்பிக்கல்னு சொல்ற தட்பவெப்பம். "ஃப்ளோரிடாதானே, நம்ம ஊர் மாதிரி இருக்கும்"னு நினைச்சா மாட்டிக்குவீங்க. கோடை நம்ம சென்னை மாதிரிதான்: வியர்வை, சாயங்காலம் இடி மழை. ஆனா குளிர்காலத்துல வடக்கேர்ந்து குளிர் காத்து இறங்கினா, ராத்திரி உறைபனி வரைக்கும் போகும். இதை நான் படிச்சுட்டுத்தான் போனேன். படிச்சதும் புரிஞ்சதும் வேற வேறன்னு ராத்திரி இரண்டு மணிக்குத் தெரிஞ்சுது.

சிங்க் என்றால் நிஜமாகவே சிங்க்

இப்ப மெயின் மேட்டர். இந்த இடம் ஏன் ஒரு வருஷம் புல்லாவும் ஒரு வருஷம் ஏரியாவும் இருக்கு?

ஃப்ளோரிடாவுக்கு அடியில பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கிட்டு லேசான அமிலமா மாறும். முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாறுல போட்டு வெச்சா என்ன ஆகும்? கொஞ்சம் கொஞ்சமா கரையும் இல்லையா, அதேதான் இங்க ஆயிரக்கணக்கான வருஷமா நடக்குது. கல்லு கரைஞ்சு உள்ள பொந்து விழும். ஒரு நாள் மேல இருக்கிற மண்ணு தாங்காம உள்ள இறங்கும். அதைத்தான் சிங்க்ஹோல்னு சொல்றாங்க. பெயின்ஸ் பிரெய்ரி அப்படிப் பல பள்ளங்கள் காலப்போக்குல ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து உருவான ஒரு பெரிய தாம்பாளம்.

அந்தத் தாம்பாளத்துல ஒரு ஓட்டை இருக்கு. பேர் அலாச்சுவா சிங்க். நம்ம கிச்சன் சிங்க்ல ஓட்டை என்ன வேலை செய்யுமோ அதே வேலையைத்தான் இதுவும் செய்யுது. சுத்துவட்டாரத்துல பெய்யிற மழை ஓடைகள் வழியா தாம்பாளத்துக்கு வந்து, புல்லுக்கு நடுவுல மெதுவா நகர்ந்து, கடைசியில இந்த ஓட்டை வழியா நிலத்தடிக்குப் போகுது. கடலுக்குப் போற ஆறு எதுவும் இதுலேர்ந்து கிளம்பலை.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இந்த இடத்துல மண்டையில ஒரு சின்ன அலாரம் அடிக்கும். எல்லா டிராஃபிக்கும் ஒரே ஒரு சர்வர் வழியா போகுதுன்னா, அந்த சர்வர் படுத்தா என்ன ஆகும்?

அது ஒரு தடவை படுத்துச்சு. 1871-ல அந்த ஓட்டை அடைச்சுக்கிச்சு. தண்ணி போக வழியில்லை, ஏற ஆரம்பிச்சுது. புல்வெளி ஏரியாச்சு. அலாச்சுவா ஏரின்னு மேப்புல பேரே வந்துடுச்சு. அதுக்கு மேல நீராவிப் படகுகள் ஓடி, இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு சரக்கு ஏத்திட்டுப் போச்சு. இருபது வருஷம். ஒரு தலைமுறைக்கு அது ஏரிதான், வேற ஒண்ணும் தெரியாது. 1891 வாக்குல அடைப்பு திறந்துக்கிச்சு. தண்ணி இறங்கிடுச்சு. படகுங்க சேத்துல நின்னுச்சு.

பார்க்குக்குள்ள ஒரு தகவல் பலகை முன்னாடி நின்னு இதை அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மால்ல காரைவிட்டு இறங்காத மனுஷன், "திரும்பச் சொல்லு"ன்னார். திரும்பச் சொன்னேன். "இருபது வருஷமா அது ஏரின்னு நம்பி கரையில வீடு கட்டினவனும் இருந்திருப்பான்ல?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியலை. ஆனா அவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார்னு தெரியும். அதை அப்புறம் சொல்றேன்.

யார் யார் வந்துட்டுப் போனாங்க

இந்த ஓட்டைக்கு ஒரு பேர்க் கதை உண்டு. ஐரோப்பியர்கள் வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க டிமுகுவா மக்கள். "சுவா"ன்னா அவங்க மொழியில பள்ளம், குழின்னு அர்த்தம் சொல்றாங்க. 1600-கள்ல ஸ்பானியர்கள் இங்க லா சுவான்னு ஒரு மாட்டுப் பண்ணை நடத்தினாங்க. ஸ்பானிய ஃப்ளோரிடாவிலேயே பெரிய பண்ணை அது. அலாச்சுவாங்கிற மாவட்டப் பேரும் அதே வேர்தான்.

அப்புறம் செமினோல் மக்கள். அவங்க தலைவர் அஹாயாகிட்ட நிறைய மாடுங்க இருந்ததால வெள்ளைக்காரங்க அவரை "கவ்கீப்பர்"னு கூப்பிட்டாங்க. 1774-ல வில்லியம் பார்ட்ரம்னு ஒரு தாவரவியலாளர் செடி தேடிக்கிட்டு இங்க வந்தார். அஹாயா அவருக்கு "பக் பகி"ன்னு பேர் வெச்சார். பூ தேடி அலையறவன்னு அர்த்தம். நாங்க டென்ட் போட்ட கேம்ப்கிரவுண்டுக்கு இன்னைக்கும் அதே பேர்தான். பெயின்ஸ் பிரெய்ரியில இருக்கிற "பெயின்", அஹாயாவுக்குப் பின்னாடி தலைவரான கிங் பெயின்.

20-ம் நூற்றாண்டுல மாடு மேய்க்கிறதுக்காக இங்க வாய்க்கால் வெட்டி, கரை கட்டி, தண்ணியை வடிச்சாங்க. 1970-ல மாநில அரசு நிலத்தை வாங்கிச்சு. அதுக்கப்புறம் வேலை தலைகீழ்: வெட்டின வாய்க்காலை அடைக்கிறது, தண்ணியைப் பழையபடி பரவ விடுறது. 1975-ல ஓக்லஹோமாவிலேர்ந்து பத்து பைசன், அதாவது அமெரிக்கக் காட்டெருமை, கொண்டுவந்து விட்டாங்க. ஒரு காலத்துல ஃப்ளோரிடா வரைக்கும் பைசன் இருந்து, வேட்டையில அழிஞ்சு போச்சு. இன்னைக்கு அந்தப் பத்தோட வாரிசுகள் சுத்திட்டு இருக்கு. ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகளோட வம்சமும் இருக்கு.

நாங்க பைசன் பார்க்கலை. ஐம்பது அடி உயர டவர்ல ஏறி ஒரு மணி நேரம் நின்னோம். தூரத்துல பழுப்பா ஏதோ அசைஞ்சுது. "எருமை"ன்னு அப்பா அடிச்சுச் சொன்னார். அது குதிரை.

முதலைக் கதை

லா சுவா டிரெயில்தான் ஓட்டைக்குப் பக்கத்துல போற பாதை. போக வர மூணு மைல். ஆரம்பத்துல பலகைப் பாதை, கைப்பிடி எல்லாம் இருக்கும். அதுக்கப்புறம் வாய்க்கால் ஓரமா புல்தரை. கைப்பிடி முடியிற இடத்துலதான் எல்லாருக்கும் தைரியம் கூடுது.

ஜனவரியில ஏன் அவ்வளவு முதலை கண்ணுல படும்னா, அது குளிர் ரத்தப் பிராணி. உடம்பைச் சூடு பண்ணிக்க வெயில்தான் வேணும். குளிர் ராத்திரி முடிஞ்சு வெயில் வந்ததும் எல்லாம் கரையேறிப் படுத்துடும். ஒரு இடத்துல நான் 23 வரைக்கும் எண்ணினேன். ஒண்ணு மேல ஒண்ணு, விறகு அடுக்கின மாதிரி. கண்ணைக்கூடச் சிமிட்டாது. அதனாலதான் அப்பாவுக்குப் பொம்மைன்னு தோணிச்சு.

தமிழ்ல எல்லாத்தையும் முதலைன்னு சொல்லிடறோம். இது அலிகேட்டர்: முகம் அகலம், மூக்கு வட்டம், வாயை மூடினா கீழ்ப்பல் பெருசா தெரியாது. க்ரோக்கடைலும் ஃப்ளோரிடாவில் உண்டு, ஆனா தெற்குக் கோடியில. 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 21 செல்சியஸுக்குக் கீழ போனா அலிகேட்டர் சாப்பிடறதை நிறுத்திடும். 55-க்குக் கீழ போனா மந்தமாகிடும். இதைக் கேட்டுட்டு "அப்ப குளிர்ல பாதுகாப்புதானே?"ன்னு நினைக்காதீங்க. நடுப்பகல் வெயில்ல நல்லா காய்ஞ்ச முதலைக்கு உடம்பு எவ்வளவு சூடுன்னு நமக்குத் தெரியாது.

அப்பா அடுத்த அடி வைக்கப் போனப்ப எனக்குக் கத்த வரலை. தொண்டை அடைச்சுக்கிச்சு. பின்னாடியிலேர்ந்து ஒரு வயசான வாலன்டியர் அம்மா, பதறாம, "சார், அப்படியே பின்னாடி நடந்து வாங்க, திரும்பாதீங்க"ன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க. அப்பாவுக்கு அவங்க உச்சரிப்பு பிடிபடலை. என்னைப் பார்த்தார். நான் "அப்பா, பின்னாடி வாங்க. மெதுவா"ன்னேன். என் முகத்தைப் பார்த்துட்டு வந்துட்டார். அவர் ரெண்டு அடி பின்னாடி வந்ததும், அந்தப் பொம்மை புஸ்ஸுன்னு ஒரு சத்தம் விட்டுச்சு. பிரஷர் குக்கர் ஆவி விடுமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான். அது நகரக்கூட இல்லை.

அந்த அம்மா எங்களைத் திட்டலை. ஒரே ஒரு விஷயம் சொன்னாங்க: முதலைக்குத் தீனி போடுறது ஃப்ளோரிடாவில் சட்டப்படி குற்றம், ஏன்னா தீனி போட்டா அது மனுஷனைப் பார்த்து பயப்படுறதை நிறுத்திடும். அப்படி ஆன முதலையைக் கடைசியில கொன்னுடுவாங்க. அதாவது, நீங்க தூக்கிப் போடுற ரொட்டித் துண்டு அதுக்கு மரண தண்டனை.

நான் ஒரு விதி வெச்சுக்கிட்டேன்: ஒரு டவுன் பஸ் நீளம் இடைவெளி. முதலை பாதை நடுவுல படுத்திருந்தா, அன்னைக்கு வாக்கிங் அவ்வளவுதான், திரும்பிடணும். வளைஞ்சு வளைஞ்சு ஓடணும்னு சொல்றதெல்லாம் கட்டுக்கதை. துரத்தினா நேரா, தண்ணிக்கு எதிர்ப் பக்கம் ஓடுங்க.

கார் வரைக்கும் அப்பா பேசவே இல்லை. கார்ல உட்கார்ந்து, "அம்மாகிட்ட சொல்லாத"ன்னார். சொல்லலை. இந்த எபிசோடை அம்மா கேட்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை.

சுவர் கட்டின ரோடு

பார்க்குக்கு நடுவுல யூ.எஸ். 441 நெடுஞ்சாலை போகுது. தாம்பாளத்துக்குக் குறுக்கே ஒரு கோடு கிழிச்ச மாதிரி. பாம்பு, தவளை, ஆமை எல்லாம் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போகும்போது கார்ல அடிபட்டுச் சாகும். எவ்வளவுன்னு ஆராய்ச்சியாளர்கள் ரோட்டுல நடந்தே எண்ணினாங்க: ஒரே வருஷத்துல 2,411.

அதுக்கப்புறம் சாலை ஓரமா மூணரை அடி உயரத்துக்கு கான்கிரீட் சுவர் கட்டினாங்க. சுவரோட மேல் விளிம்பு வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும், பாம்பு ஏறினாலும் தாண்ட முடியாது. சாலைக்கு அடியில குழாய்ப் பாதைகள். சுவர் ஓரமாவே போனா குழாய் வரும், அது வழியா அந்தப் பக்கம் போயிடலாம். கட்டினப்புறம் அதே இடத்துல திரும்ப ஒரு வருஷம் எண்ணினாங்க. மரத்தவளைகளைத் தவிர்த்து, 158.

ஏன் மரத்தவளையைத் தவிர்த்து? அதோட விரல் நுனியில ஒட்டுற தட்டு இருக்கு. எந்தச் சுவரும் அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. எந்த சிஸ்டமும் எல்லா கேஸையும் பிடிக்காதுன்னு நமக்குத் தெரியும்தானே. ஆனா எதைப் பிடிக்கலைன்னு ரிப்போர்ட்லயே எழுதி வெச்சிருக்காங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சுது.

ராத்திரி

கேம்ப்கிரவுண்ட் மரங்களுக்கு நடுவுல இருக்கு. 50 இடம். ஓக் மரத்துலேர்ந்து தாடி மாதிரி சாம்பல் நிறத்துல தொங்கும், பேர் ஸ்பானிஷ் மாஸ். அது ஸ்பானிஷும் இல்லை, பாசியும் இல்லை, அன்னாசிக் குடும்பத்துச் செடி. அப்பா அதை எடுத்துத் தலைகாணிக்குள்ள வைக்கலாமான்னு கேட்டார். செடியைப் பறிக்கக் கூடாது, அதுல பூச்சியும் இருக்கும்னேன்.

பக்கத்துலேயே லேக் வாபர்க். மீன் பிடிக்கலாம், துடுப்புப் படகு விடலாம். நீந்தக் கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை.

சாயங்காலம் கொக்குச் சத்தம். சாண்ட்ஹில் கிரேன்னு சொல்ற பெரிய சாம்பல் கொக்கு, வடக்கேர்ந்து குளிருக்கு ஆயிரக்கணக்குல வரும். கண்ணுல படுறதுக்கு முன்னாடியே காதுல விழும். பழைய மரக்கதவு திறக்கிற மாதிரி ஒரு கரகரப்பு, வானம் பூரா. அப்பா சேரைப் போட்டு, கழுத்தை நிமிர்த்தி, இருட்டுற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். போனைத் தொடவே இல்லை.

சாப்பாடு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். மிச்சத்தை நான் மேஜை மேலேயே மூடி வெச்சுட்டேன். பத்து நிமிஷத்துல ரெண்டு ரக்கூன் வந்து டப்பாவைத் திறந்துடுச்சு. கிளிப் போட்ட டப்பா. அதோட கை மனுஷக் கை மாதிரி வேலை செய்யுது. சாப்பாட்டைக் கார்ல பூட்டி வைங்க, டென்ட்ல வேண்டவே வேண்டாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு போன்ல பார்த்தா 2 டிகிரி செல்சியஸ். அப்பாவுக்கு 64 வயசு. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது, ஆனா "ஒண்ணும் இல்ல, நீ தூங்கு"ன்னார். அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. பகல்ல முதலை விஷயத்துல வந்ததைவிட அதிகம். நான் வாங்கி வெச்சிருந்தது கோடைக்கான ஸ்லீப்பிங் பேக். கீழே விரிக்கிற மெத்தை எடுத்துட்டு வரவே இல்லை. குளிர் காத்துல வர்றதைவிடத் தரையிலேர்ந்து ஏறும். தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அவரைக் கார்ல உட்கார வெச்சேன், ஹீட்டர் போட்டேன். கேம்ப்கிரவுண்ட்ல ராத்திரி இன்ஜின் ஓட விட்டா பக்கத்து டென்ட்காரங்களுக்குத் தொந்தரவு, அதனால காரை வாசல் பக்கம் நகர்த்தி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, அரை மணி நேரம் முழிச்சே உட்கார்ந்திருந்தோம்.

அங்கதான் பேசினோம்.

வேளச்சேரி

1994-ல அப்பா வேளச்சேரியில மனை வாங்கினார். அப்ப அந்தப் பக்கம் பாதி இடம் தண்ணி, நாணல். "பின்னாடி பள்ளிக்கரணை வரைக்கும் பறவையாத்தான் இருக்கும். சும்மா கிடக்கிற நிலம்னுதான் எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன்"னார். 2015 டிசம்பர்ல எங்க தரைத்தளத்துல இடுப்பளவு தண்ணி. நான் அப்ப ஹாஸ்டல்ல. போன் போகலை. அப்பா அம்மா மூணு நாள் மாடி வீட்டுல இருந்திருக்காங்க. எனக்கு நாலாவது நாள்தான் தகவல் தெரிஞ்சுது. இதைப் பத்தி எங்க வீட்டுல யாரும் பேசுறதே இல்லை.

பள்ளிக்கரணையும் ஒரு தாம்பாளம்தான். தென்சென்னையோட ஏரிகள்லேர்ந்து வழியிற தண்ணி அங்க வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகணும். 2022-ல அது ராம்சர் இடமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிக்கப்பட்டிருக்கு. ஆனா பழைய பரப்புல சின்னப் பங்குதான் மிச்சம். "தண்ணி நம்ம வீட்டுக்கு வரலை. நாமதான் அது வீட்டுக்குப் போயிருக்கோம்னு அப்ப புரியலை"ன்னார் அப்பா. கொஞ்ச நேரம் கழிச்சு, "புரிஞ்சிருந்தாலும் வேற எங்க வாங்கியிருக்க முடியும்? நம்ம காசுக்கு அங்கதான் இடம் கிடைச்சுது"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை.

சாக்கடைத் தண்ணிக்கு ஒரு பூங்கா

மறுநாள் காலையில, இரண்டு காபிக்கு அப்புறம், இன்னொரு இடம் போனோம். பிரெய்ரிக்கு ஒட்டினாப்ல கெயின்ஸ்வில் நகரம் நடத்துற ஸ்வீட்வாட்டர் வெட்லேண்ட்ஸ் பார்க். 2015-ல திறந்தது. 125 ஏக்கர்.

கதை இதுதான். நகரத்தோட சுத்திகரிச்ச கழிவுநீரும் தெருவுல ஓடுற மழைத்தண்ணியும் ஒரு ஓடையில சேர்ந்து, பழைய வாய்க்கால் வழியா நேரா அலாச்சுவா சிங்க்குக்குப் போயிட்டிருந்தது. அந்த ஓட்டைக்கு அடியில இருக்கிறது ஃப்ளோரிடன் நிலத்தடி நீர்த்தேக்கம். சுமார் ஒரு கோடிப் பேருக்குக் குடிநீர் தர்ற ஒண்ணு. நகரத்தோட நைட்ரஜன் நேரா அதுக்குள்ள போகுதுன்னா, பிரச்சனை தண்ணிக்கு மட்டும் இல்லை.

அவங்க பண்ண தீர்வு: குளங்களை வெட்டி, செடி நட்டு, தண்ணியை அதுக்குள்ள மெதுவா நடக்க விட்டாங்க. செடியும் பாக்டீரியாவும் நைட்ரஜனை எடுத்துக்கும். பழைய வாய்க்காலை மூடி, தண்ணி பிரெய்ரி மேல அகலமா பரவுற மாதிரி செஞ்சாங்க. அதனால 1,300 ஏக்கருக்கு மேல ஈரநிலம் திரும்பக் கிடைச்சுது. வெளியிலேர்ந்து பார்க்கிறவங்களுக்கு அது பறவை பார்க்கிற பூங்கா. அடியில ஓடுறது ஒரு சுத்திகரிப்பு நிலையம். அப்பா கைப்பிடியைப் பிடிச்சு நின்னு, "இது சாக்கடைத் தண்ணியா?"ன்னு மூணு தடவை கேட்டார். மோந்து வேற பார்த்தார்.

போறதா இருந்தா

ஒண்ணு, மாசம். நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் நல்லது. கொக்கு இருக்கும், கொசு கம்மி. கோடையில மதியத்துக்கு மேல இடி மின்னல், திறந்த வெளியில நிக்கக் கூடாது.

ரெண்டு, புக்கிங். ஃப்ளோரிடாவில் குடியிருக்கிறவங்க 11 மாசம் முன்னாடியே புக் பண்ணலாம், மத்தவங்க 10 மாசம். 2024-லேர்ந்து இந்த விதி. சனிக்கிழமை கிடைக்கலைன்னா ஞாயிறு ராத்திரி பாருங்க, எங்களுக்கு அப்படித்தான் கிடைச்சுது.

மூணு, வாசல். கேம்ப்கிரவுண்ட், டவர் எல்லாம் மைக்கனோப்பி பக்கத்து மெயின் வாசல்ல. லா சுவா டிரெயிலுக்கு கெயின்ஸ்வில் பக்கம் தனி வாசல், கார்ல சுத்திப் போகணும். மேப்புல பார்க் பேரை மட்டும் போட்டுட்டு வாசல் மாறிப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். லா சுவாவுக்கு நாய் கூட்டிட்டுப் போகக் கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி பாதை திறந்திருக்கான்னு பார்க் தளத்துல பாருங்க. 2017-ல இர்மா சூறாவளிக்கு அப்புறம் தண்ணி ஏறி, அந்தப் பாதை ரொம்ப நாள் மூடிக் கிடந்தது. ஓட்டை குடிக்கிற வேகத்துக்கு ஒரு அளவு உண்டு.

நாலு, குளிர். தரையில விரிக்கிற மெத்தை கண்டிப்பா வேணும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதுல போட்டிருக்கிற டிகிரியைப் பாருங்க. ஊர்லேர்ந்து வந்த பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா, முதல் தடவை பகல்ல மட்டும் போயிட்டு வாங்க. நான் செஞ்ச தப்பை நீங்க செய்ய வேண்டாம்.

அஞ்சு, விறகு. வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போகாதீங்க, பூச்சியும் கூட வரும். அங்கேயே பக்கத்துல வாங்குங்க.

அப்பா மார்ச்ல ஊருக்குப் போயிட்டார். அடுத்த வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்ச வாரம் வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்தது. எங்க தெருமுனை மழைநீர் வடிகால் மூடி. அதுமேல ரெண்டு தண்ணி பாட்டில், ஒரு சிப்ஸ் பாக்கெட், தென்னை ஓலை. கீழே ஒரே வரி: "அலாச்சுவா சிங்க்."

அடுத்த போட்டோவுல அதையெல்லாம் எடுத்துப் போட்டிருந்தார். குடை அவர் கையில. படம் எடுத்தது அம்மாவாத்தான் இருக்கணும்.

அவ்வளவுதான் மக்களே. உங்க தெருவுல பெய்யிற மழை எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா எழுதி அனுப்புங்க, ஒரு எபிசோட்ல படிக்கலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.